வந்து சேராத அட்டை

களவுபோன பொருளுக்கு ஒரு கள்வன் உண்டு. உடைந்த பொருளுக்கு அதை உடைத்த கை உண்டு. அஞ்சலில் தொலைந்த பொருளுக்கு அப்படி எவரும் இல்லை. அனுப்பியவர் அனுப்பினேன் என்கிறார். பெறவேண்டியவர் பெறவில்லை என்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் அப்படி ஏற்றுக்கொள்ள மனித மனம் எளிதில் இசைவதில்லை. பொருளைக் காணோம் என்றால் யாரோ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றே அது கணக்குப் போடுகிறது. முகமற்ற அஞ்சல் பாதையைச் சந்தேகிப்பதைவிட, பெயரும் முகவரியும் உள்ள எதிர்த்தரப்பைச் சந்தேகிப்பது அதற்கு வசதியாக இருக்கிறது.

இதைப் பற்றி நாங்கள் இருவரும் யோசிக்கத் தொடங்கியது எங்கள் மகனின் போக்கிமான் அட்டை ஒன்றின் பொருட்டு. இலக்கியம் பேசும் இடத்தில் சிறுவர்களின் விளையாட்டு அட்டையைப் பற்றி எழுதுவதா என்ற தயக்கம் எங்களுக்கு இருக்கவே செய்தது. ஆயினும் அந்தச் சிறு அட்டையைச் சுற்றி எழுந்த வழக்கு, சான்று என்பது என்ன, நம்பிக்கை என்பது என்ன என்ற பழைய கேள்விகளை எங்கள் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆகவே எழுதத் துணிகிறோம்.

அறியாதோர்க்கு அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட தாள் அட்டைதான் அது. ஜப்பானில் 1996 அக்டோபரில் வெளியாகி, 1999 ஜனவரியில் ஆங்கில வடிவில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அந்த முதல் தொகுப்பில் 102 அட்டைகள். பொட்டலத்தைப் பிரிக்கும்வரை உள்ளே எவை இருக்கின்றன என்று தெரியாது. ஆகவே ஒருவரிடம் வேண்டாதது இரண்டு மூன்றாகச் சேர்வதும், வேண்டியது ஒன்றுகூட அகப்படாமல் போவதும் இயல்பு. மாற்றிக்கொள்ளாமல் தொகுப்பை நிறைவு செய்ய முடியாது. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த மேஜிக் விளையாட்டுக்கும் இதே இயல்புதான். அதற்கும் வெகு முன்பே, சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்பால் வீரர்களின் படங்களை வைத்து விற்றார்கள். 1909 முதல் 1911 வரை வெளியான டி206 என்ற வரிசையைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே ஆண்டில் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று.

இந்தத் தொகைகளைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சேகரிப்போரிடையே அன்றாடம் கைமாறும் அட்டைகளில் பெரும்பாலானவை ஒரு டாலரிலிருந்து ஐம்பது டாலருக்குள் அடங்குபவை. சச்சரவுகள் மிகுதியும் பிறப்பது இங்கேதான். கோடி பெறும் அட்டையை யாரும் சாதாரணத் தபாலில் அனுப்புவதில்லை. ஐந்து டாலர் அட்டைக்கோ, ஏறத்தாழ அதே அளவு செலவு வைக்கும் தடம் காட்டும் பொதிச்சேவை கட்டுபடியாவதில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க அஞ்சல்தலையின் விலை 78 சென்ட் ஆயிற்று. ஒரு வெள்ளை உறை, ஓர் அஞ்சல்தலை, கொஞ்சம் நம்பிக்கை: இம்மூன்றையும் கொண்டே இந்தச் சிறு வணிகம் நடக்கிறது.

உறைக்குள் அட்டையை வைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதன்மேல் டாப்லோடர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. கூட்டின் வாயை நீல நிறப் பெயின்ட்டர் டேப்பால் ஒட்டுவார்கள். சாதாரண டேப் பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். நீல டேப் சுத்தமாக உரிந்து வந்துவிடும். இவ்வளவு பக்குவமாகக் கட்டிய அட்டைதான் அஞ்சல் பிரிக்கும் இயந்திரத்துக்குள் நுழைகிறது. அந்த இயந்திரம் கடிதங்களை வார்ப்பட்டைகளுக்கும் உருளைகளுக்கும் இடையே வளைத்து வளைத்து மிகுந்த வேகத்தில் ஓட்டுகிறது. வளைய மறுக்கும் கெட்டிக் கூடு சில சமயம் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுகிறது. உறை ஓர் ஊருக்குப் போகிறது. உள்ளே இருந்தது இயந்திரத்தின் அடியில் கிடக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த கூடே இழப்புக்குக் காரணமாவது இதில் உள்ள முரண்.

இனி எங்கள் வழக்கு. நாங்கள் வாழ்வது ஒஹாயோ மாநிலத்தில். மகனுக்குப் பதினான்கு வயது. தெருவில் நடந்த ஒரு கராஜ் சேலில், பழைய ஷூ பெட்டி ஒன்றிலிருந்து அவனுக்கு 1999ஆம் ஆண்டுத் தொகுப்பின் கியாரடோஸ் அட்டை கிடைத்தது. ஒன்றுக்கும் உதவாத கெண்டை மீன் ஒன்று பொறுத்திருந்து பெரும் கடல்நாகமாக மாறுவதாக அந்த விளையாட்டில் கதை. நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் குதிக்கும் கெண்டை டிராகனாகும் என்ற சீனப் பழங்கதையின் சாயல் அதில் உண்டு. அவனுக்கு அது மிகவும் பிடித்த அட்டை. இருந்தும் ஒன்பது வால் நரியான நைன்டேல்ஸ் அவனுடைய தொகுப்பில் இல்லை. ஆரகன் மாநிலத்தில் வாழும் நடுவயதுக்காரர் ஒருவரிடம் அது இருந்தது. அவருக்கோ கியாரடோஸ் வேண்டும். சந்தை மதிப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமம். எங்கள் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசி முடிவாயிற்று.

இத்தகைய மாற்றுகளில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. முன்பின் அறியாத இருவரில் முதலில் அனுப்ப வேண்டியவர் யார்? யாருக்கு நற்சான்று குறைவோ அவரே. பலரோடு நாணயமாக நடந்துகொண்டவர் என்று பெயர் பெற்றவர், எதிராளியின் அட்டை கைக்கு வந்தபின் தன்னுடையதை அனுப்புவார். அந்த மனிதருக்கு ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் நற்சான்று இருந்தது. எங்கள் மகனுக்கு மூன்றே மூன்று. வழக்கப்படி அவன்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும். அவர் பெருந்தன்மையாக, "இருவரும் ஒரே நாளில் அனுப்பிவிடுவோம்" என்றார். அவ்வாறே செய்தார்கள். ஆறாம் நாள் நைன்டேல்ஸ் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. கியாரடோஸ் ஆரகன் போய்ச் சேரவில்லை.

முதல் வாரம் அவர் பொறுமையாக இருந்தார். இரண்டாம் வாரம், மாநிலங்களுக்கு இடையே தபால் தாமதமாவது சகஜம் என்று அவரே எழுதினார். மூன்றாம் வாரம் வந்த கடிதத்தில், உன்னை நம்புகிறேன் என்ற வாக்கியத்துக்குப் பின் ஓர் 'ஆனால்' இருந்தது. அந்த 'ஆனால்' எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மகன் உறையை ஒட்டுமுன் எடுத்த புகைப்படத்தை அனுப்பினான். உறையின் படம் உறை இருந்தது என்பதைத்தான் காட்டும்; அது தபால்பெட்டிக்குள் விழுந்தது என்பதைக் காட்டாது. அனுப்பியதற்குச் சான்று இல்லை. வரவில்லை என்பதற்கோ சான்றே இருக்க முடியாது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இரண்டு அட்டையும் ஒருவன் கையில், ஒன்றுமில்லாத கை மற்றவருடையது. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் இதன் பொருள் ஒன்றாகத்தான் தோன்றும்.

தொலைந்த அஞ்சலைத் தேடித் தரும்படி அமெரிக்க அஞ்சல் துறையிடம் விண்ணப்பிக்கலாம். மகன் விண்ணப்பித்தான். அட்டையின் எண் ஆறு, மேல் வலது மூலையில் மெல்லிய வெண்கீறல், நீல டேப் என்று அடையாளங்களை எழுதினான். அனுப்பியவரும் பெறுபவரும் யாரென்று தெரியாமல் தனித்துப்போன பொருள்கள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் உள்ள மீட்பு மையத்துக்குச் செல்கின்றன. உரியவரைக் கண்டறிய முடியாதபோது, விலைபெறுபவை ஏலத்துக்குப் போகும். முற்காலத்தில் இத்தகைய இடத்துக்கு 'இறந்த கடிதங்களின் அலுவலகம்' என்று பெயர். ஹெர்மன் மெல்வில் 1853இல் வெளியிட்ட 'பார்ட்டில்பி' கதையின் நாயகன், எந்த வேலையைச் சொன்னாலும் மென்மையாக மறுத்துவிடும் அந்த எழுத்தர், வாஷிங்டனில் அந்த அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்தவர் என்று கதையின் இறுதியில் ஒரு வதந்தி வருகிறது. உரியவரைச் சேராத கடிதங்களைப் பிரித்துப் பிரித்துத் தீயிலிடுவது ஒரு மனிதனை என்ன செய்யும் என்று மெல்வில் நம்மைக் கேட்கவைக்கிறார். அந்தக் கதையைப் பல்லாண்டுக்கு முன் படித்த எங்களுக்கு, அதில் வரும் மோதிரமும் பணத்தாளும் இப்போதுதான் எடையுள்ள பொருள்களாயின. தேடலில் அட்டை கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் விவாதம் மூண்டது. நைன்டேல்ஸை உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்றார் எங்களில் ஒருவர். திருப்பி அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகும் என்றார் மற்றவர். மகன் இரண்டாம் கட்சி. "நான் போஸ்ட் பண்ணினேன்மா. திருப்பிக் குடுத்தா, பயந்துபோய்க் குடுக்கிறான்னுதான் அவர் நினைப்பார்" என்றான். அவன் கண்ணில் இருந்தது அட்டையைப் பற்றிய ஆசை இல்லை. பதினான்கு வயதில் முதன்முறையாக, செய்யாத ஒன்றுக்காக ஓர் அந்நியர் மனத்தில் தன் பெயர் கெடுவதை அவன் கண்டுகொண்டிருந்தான். மூன்று நற்சான்றுகளும் அவனுக்கு எவ்வளவு பெரியவை என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அந்த வாரத்தில்தான் எங்களில் சட்டம் பயின்றவர் ஒரு பழைய வழக்கை மேசைக்குக் கொண்டுவந்தார். 1817 செப்டம்பர் 2ஆம் நாள், இங்கிலாந்தில் லின்ட்செல் என்ற கம்பளி வணிகர் ஆடம்ஸ் என்பவருக்குக் குறிப்பிட்ட விலையில் கம்பளி தருவதாகக் கடிதம் எழுதினார். முகவரியில் மாவட்டத்தின் பெயரை மாற்றி எழுதிவிட்டதால் அது சுற்றிக்கொண்டு 5ஆம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. ஆடம்ஸ் அன்றிரவே சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தார். அது 9ஆம் நாள் வந்தது. அதற்கு முந்தைய நாளே, பதில் வரவில்லையென்று லின்ட்செல் கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். 1818இல் நீதிமன்றம், சம்மதக் கடிதம் தபாலில் சேர்ந்த கணமே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது. இல்லையேல் உன் பதில் கிடைத்தது, நீ கிடைத்ததென்று சொன்னதும் கிடைத்தது என்று இருவரும் முடிவே இல்லாமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1879இல் இன்னும் கடினமான வழக்கொன்று வந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிரான்ட் என்பவர் நூறு பங்குகள் கேட்டு விண்ணப்பித்தார். ஒதுக்கீட்டுக் கடிதம் தபாலில் போடப்பட்டது. அவர் கையை எட்டவே இல்லை. நிறுவனம் மூழ்கியபின் பங்குகளின் தொகையை அவரிடம் கேட்டார்கள். கடிதமே வராதவர் எப்படிப் பங்குதாரர் ஆவார்? ஆவார் என்றது நீதிமன்றம். நீதிபதிகளில் பிராம்வெல் மட்டும் மாறுபட்டார். இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1872ஆம் ஆண்டிலேயே, சம்மதம் தபாலில் சேர்ந்ததும் முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் என்று எழுதிவைத்துவிட்டது.

விதி எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் அனுப்பும் பொருள் வாங்குபவர் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு வணிகருடையது. இந்தியப் பொருள் விற்பனைச் சட்டம் 1930, பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகப் பொதுவாகக் கருதும். ஆனால் பொருளின் தன்மைக்கேற்ற ஏற்பாட்டை அனுப்புபவர் செய்திருக்க வேண்டும் என்கிறது. ஓரிடத்தில் அனுப்பியவர் தலையில், இன்னோரிடத்தில் பெறுபவர் தலையில்.

மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப யாரு பொய் சொன்னாங்கன்னு ஜட்ஜ் கேக்கவே இல்லையா?" என்றான்.

கேட்கவில்லை. அதுதான் அந்தத் தீர்ப்புகளின் சாரம் என்று எங்களுக்குத் தோன்றியது. இழப்பை யார் சுமப்பது என்பது ஒரு கேள்வி. பொய் சொன்னவர் யார் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை காணலாம். இரண்டாவதற்குத் தபால் வழக்குகளில் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தால், தீராத கேள்வி தீரக்கூடிய கேள்வியையும் இழுத்துக்கொண்டு மூழ்கிவிடும். அட்டைச் சச்சரவுகளில் நட்புகள் முறிவதற்குக் காரணம் இந்த முடிச்சுதான். பணத்தைத் திருப்பிக் கொடுப்பவன் தன்னைக் கள்வனாக உணர்கிறான். திருப்பிக் கேட்பவன் மற்றவனைக் கள்வன் என்று சொல்ல வேண்டியிருப்பதாக நினைக்கிறான். முடிச்சை அவிழ்த்துவிட்டால், இழப்பு வெறும் இழப்பாக, நாற்பது டாலருக்குள் அடங்கும் ஒரு சிறு துயரமாக நின்றுவிடும்.

அட்டை சேகரிப்போரிடையே பரவலாக உள்ள விதி எளிமையானது: எந்த உறை, எந்தச் சேவை என்று தேர்ந்தெடுப்பது அனுப்புபவர், ஆகவே சேரும்வரை பொறுப்பும் அவரே. அது அவருடைய நேர்மையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு நாள் யோசித்து மகன் நைன்டேல்ஸைத் திருப்பி அனுப்ப இசைந்தான். இம்முறை தடம் காட்டும் பொதிச்சேவை, உள்ளே கைப்பட எழுதிய ஒரு தாள். கியாரடோஸை அனுப்பியது உண்மை. அது எங்கே போயிற்று என்று தெரியாது. உங்கள் கை வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக இதை அனுப்புகிறேன், வேறு காரணம் இல்லை என்று எழுதியிருந்தான். எங்களைத் திருத்த விடவில்லை.

மோசடியே இல்லாத உலகத்தில் நாங்கள் வாழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெற்று உறையை அனுப்பிவிட்டு அனுப்பியதாகச் சாதிப்போர் உண்டு. பெற்றுக்கொண்டே பெறவில்லை என்போரும் உண்டு. தபாலைப் பயன்படுத்தி ஏமாற்றுவதற்கு எதிராக அமெரிக்கா 1872இலேயே சட்டம் இயற்றியது என்றால் அந்தத் தொழில் எவ்வளவு பழையது என்று ஊகிக்கலாம். இதற்காகவே காப்புகள் பெருகியுள்ளன. ஈபே நிறுவனம் 20 டாலருக்குட்பட்ட அட்டைகளை அனுப்ப, பட்டைக்குறியிட்ட மலிவு உறைச்சேவை ஒன்றை 2021இல் கொண்டுவந்தது. 750 டாலரும் அதற்கு மேலும் பெறும் பொருளுக்குக் கையொப்பம் கேட்கிறது. அஞ்சல் துறையின் பதிவுத் தபாலில் 50,000 டாலர் வரை காப்பீடு உண்டு. கோல்கொண்டா மண்ணில் பிறந்த ஹோப் வைரத்தையே 1958 நவம்பரில் ஹாரி வின்ஸ்டன் பதிவுத் தபாலில்தான் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டுமே, மிச்சம் முழுவதும் காப்பீடு. வைரத்துக்கு அது பொருந்தும். ஐந்து டாலர் அட்டைக்கு அத்தனை காவல் போட்டால் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தனி ஓர் இழப்பை வைத்து ஒருவரின் குணத்தை அளக்க முடியாது. நான்காவது ஐந்தாவது முறையும் ஒரே ஆளின் உறைகள் மட்டும் தொலையுமானால், அப்போது கணக்கே பேசும். நற்சான்றுப் பட்டியலின் பயன் அதுதான்.

ஆரகனிலிருந்து பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அட்டை கிடைத்தது, நன்றி என்று சுருக்கமாகவே எழுதியிருந்தார். உன்னை நம்புகிறேன் என்ற வாக்கியம் அதில் இல்லை. 'ஆனால்' என்பதும் இல்லை. வேறு ஏதேனும் அட்டை மாற்றிக்கொள்ள விருப்பமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: இந்த முறை நான் முதலில் அனுப்புகிறேன். ஐம்பது நற்சான்று உடையவர் மூன்று நற்சான்று உடையவனிடம் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மகன் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தான். பிறகு தன் அட்டை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான்.

கியாரடோஸ் இன்றுவரை அகப்படவில்லை. ஏதோ ஓர் இயந்திரத்தின் அடியிலோ, அட்லாண்டாவில் ஏலம்போன பெட்டி ஒன்றிலோ, முன்பின் தெரியாத ஒரு சிறுவனின் தொகுப்பிலோ அது இருக்கலாம்.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது என்று நினைக்கிறோம். சந்தா கட்டி, இதழ் வரவில்லை என்று அஞ்சலட்டை எழுதாதவர் நம்மில் யார்? வீட்டு மாடியில் உட்கார்ந்து தாமே முகவரி எழுதி, தாமே அஞ்சல்தலை ஒட்டி அனுப்பிய ஆசிரியர், கடனில் நடக்கும் அந்த இதழின் இன்னொரு படியை எடுத்து, கேள்வி கேட்காமல் மீண்டும் அனுப்பிவைப்பார். அனுப்பினோமே என்று அவர் வாதிட்டதில்லை. வாங்கிக்கொண்டு இல்லை என்கிறீர்களோ என்று ஐயப்பட்டதும் இல்லை. இழப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, வாசகனின் சொல்லை அப்படியே விட்டுவைத்தார். அந்த இரண்டாம் படிகளுக்கான செலவை எந்தச் சிற்றிதழும் தன் வரவு செலவில் தனியாகக் காட்டியதாக எங்களுக்கு நினைவில்லை.